வேற யார் வர்றாங்க?

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டதும் சூரியக்காரர் பேனா மூடியைக் கடித்தார். அந்த வாரத்தில் அவர் கடித்த மூன்றாவது மூடி அது.

காதில் தொலைபேசி இருந்தது. டயர் கம்பெனி முதலாளி பேசிக்கொண்டிருந்தார்.

"திட்டம் நல்ல திட்டம்தான் சார். நான் எப்ப இல்லேன்னேன்? வேற யார் வர்றாங்க?"

"நீங்க வந்தா, குளிர்பெட்டிக் கம்பெனி அம்மா வர்றதாச் சொல்லியிருக்காங்க."

"அந்தம்மா வரட்டும். நான் மறுநாளே வந்துடறேன்."

"அவங்களும் இதையேதான் சொல்றாங்க."

"பாத்தீங்களா, எவ்வளவு விவரமானவங்க!"

சூரியக்காரர் என்பது அவர் பெயர் இல்லை. பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வளரும் நாடுகளுக்கு மின்சாரம் கொண்டுபோக அரசாங்கம் நடத்தும் நிதி நிறுவனத்தில் சூரிய மின்சாரப் பிரிவுக்கு அவர் துணை மேலாளர். அதனால் வாசல் காவலாளி முதல் இயக்குநர் அம்மாள் வரை எல்லோருக்கும் அவர் சூரியக்காரர். பக்கத்து அறையில் காற்றாலைப் பிரிவு. அங்கே இருந்தவர் காற்றுக்காரர். வானத்தில் சூரியனும் காற்றும் சண்டை போட்டுக்கொள்வதில்லை. அலுவலகத்தில் அதற்கு வசதி செய்து கொடுத்திருந்தார்கள்.

வேலை என்னவோ எளிதுதான். அரசாங்கம் ஒரு பங்கு பணம் வைக்கும். அதைக் காட்டித் தனியாரிடமிருந்து மூன்று பங்கு திரட்ட வேண்டும். நாலும் சேர்ந்தால் பணம் கடல் தாண்டிப் போய் யாருக்கோ விளக்கு எரியும். சேராவிட்டால் ஃபைல் அலமாரிக்குப் போகும்.

இந்தத் தடவை ஒரு தீவு நாடு. இருபத்தொன்பது சின்ன மருத்துவமனைகள். அங்கிருந்து தலைமைச் செவிலி ஒருவர் மாதம் ஒரு கடிதம் எழுதுவார். ஜெனரேட்டருக்கு எண்ணெய் இல்லாத நாளில், கைவிளக்கைப் பல்லில் கவ்விக்கொண்டு ஒரு பிரசவம் பார்த்ததாகப் போன மாதம் எழுதியிருந்தார். தாயும் சேயும் நலம், விளக்குதான் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது என்று முடித்திருந்தார்.

அந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் தனியார் பணம் வராவிட்டால் அரசாங்கப் பங்கு காற்றுப் பிரிவுக்குப் போய்விடும். செவிலியை நினைத்தால் சூரியக்காரருக்கு மனசு வலித்தது. காற்றுக்காரரை நினைத்தால் வயிறு எரிந்தது. மனவலியோடு தூங்கிவிட முடிந்தது.

காற்றுக்காரர் போன வருஷமே தன் திட்டத்தை முடித்துவிட்டிருந்தார். எப்படி? அவருக்குப் பெரிய பணம் உள்ள ஒரு பெரியவர் கிடைத்தார். முகம் காட்டமாட்டார், பெயர் வெளியே வரக் கூடாது, எல்லாம் தொலைபேசியில்தான். பெரியவர் வருகிறார் என்று தெரிந்ததும் மற்ற முதலாளிகள் வரிசையில் வந்து நின்றார்கள். கடைசியில், "இத்தனை பேர் ஆசைப்படறப்போ நான் எதுக்கு?" என்று தன் பங்கையே அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பெரியவர் ஒதுங்கிக்கொண்டாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் இயக்குநர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

அதன் பலனாகக் காற்றுக்காரருக்கு ஜன்னல் வைத்த அறை கிடைத்தது. தலை சாய்க்க மெத்தை வைத்த நாற்காலி, வெளிநாட்டு மாநாடு, நடைக்கூடத்தில் சட்டம் போட்ட படம். சூரியக்காரர் அறையில் ஜன்னலே இல்லை. சூரிய மின்சாரப் பிரிவுக்கு வெயில் படாத அறை என்பதில் இருந்த வேடிக்கையை அவரைத் தவிர எல்லோரும் ரசித்தார்கள்.

இப்போது காற்றுக்காரர் இரண்டாவது திட்டத்துக்கும் அதே பெரியவரைப் பிடித்துவிட்டார் போலிருந்தது. தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார். பலகைச் சுவர் வழியாக ஒரு கனத்த குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, கேட்டது.

"ம்... பார்ப்போம்... செய்யலாம்."

தொடர்ந்து காற்றுக்காரரின் சிரிப்பு.

"சார், லைன்ல இருக்கீங்களா? வேற யார் வர்றாங்கன்னு கேட்டேன்," என்றார் டயர் முதலாளி.

"ஒரு பெரியவர் வந்தாச்சு," என்று சொல்லிவிட்டார் சூரியக்காரர்.

சொன்னது வாய். சொல்ல வைத்தது வயிறு.

"யாரு சார்?"

"பேர் சொல்லக் கூடாது."

"நிறையப் போடறாரா?"

"நிறைய."

"அடடா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா சார்!"

பத்து நிமிஷத்தில் குளிர்பெட்டி அம்மாள் கூப்பிட்டார். அரை மணியில் இயக்குநர் அம்மாள் தன் அறைக்கே கூப்பிட்டார்.

"பெரியவர் வர்றாராமே? என்கிட்டகூட மறைச்சுட்டீங்களே!" இயக்குநர் அம்மாளின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் தன் பக்கம் திரும்பிச் சூரியக்காரர் அதற்கு முன் பார்த்ததில்லை. "காத்துக்காரரோட பெரியவரை நான் கடைசி வரைக்கும் பாக்கவே முடியல. இவரையாவது நேர்ல பாக்கணும். புதன்கிழமை காலை பதினொரு மணி. டயரையும் குளிர்பெட்டியையும் வரச் சொல்லியாச்சு."

"அவர் ரொம்பக் கூச்ச சுபாவம், மேடம்..."

"பரவாயில்ல. நானும் கூச்ச சுபாவம்தான்," என்றார் இயக்குநர் அம்மாள். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாத செய்தி அது.

*

சூரியக்காரர் வீட்டில் ஒரு மச்சினன் இருந்தான். மனைவியின் தம்பி. நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தான். அந்த நாலு நாள் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பகலில் ஒரு கடையில் சோபா விற்பான். மாலையில் அக்கா வீட்டு சோபாவில் கிடப்பான். தொழில் பக்தி என்பான்.

சூரியக்காரர் அவன் காலருகே வந்து நின்றார். உட்கார இடம் இல்லை.

"மாப்ளே, ஒரு உதவி செய்யணும்."

"சொல்லுங்க அத்தான்."

விஷயத்தைச் சொன்னார். மேஜையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தம்பியைப் பார்த்தாள். தம்பி அக்காவைப் பார்த்தான்.

"பொய் சொல்றது தப்பில்லையா அத்தான்?" என்றான்.

"இருபத்தொம்போது ஆஸ்பத்திரிடா! ஒரு நர்ஸ் பல்லுல விளக்கைக் கவ்விக்கிட்டு நிக்கறா!"

"அதுக்காகவா கேக்கறீங்க?" என்றாள் மனைவி.

"வேற எதுக்கு?"

அவள் ஒரு தலையணை உறையை உதறினாள்.

"நீ ஒண்ணும் பேச வேணாம். கேக்கறதுக்கெல்லாம் ரெண்டே வார்த்தை. அந்தக் காத்துக்காரனோட பெரியவர் ஃபோன்ல பேசுவாரே, அந்த மாதிரி."

"அவர் எப்படிப் பேசுவார் அத்தான்?" மச்சினன் பச்சைப் பிள்ளை மாதிரி கேட்டான்.

சூரியக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்து, "ம்... பார்ப்போம்... செய்யலாம்," என்றார். பூனை தும்மிய மாதிரி இருந்தது.

"இப்படியா? ம்... பார்ப்போம்... செய்யலாம்."

சூரியக்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் பெரியவரே வந்து தன் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது.

"அச்சு அசல்டா!" என்றார். அவர் அந்த மச்சினனைப் பாராட்டிச் சொன்ன முதல் வார்த்தை அது.

*

புதன்கிழமை மச்சினன் கோட் போட்டு வந்து இறங்கினான். கடை முதலாளியின் கோட். தோள்பட்டை இரண்டு விரல் பெரிது. அதுவே பணக்காரத்தனமாக இருந்தது.

நடைக்கூடத்தில் காற்றுக்காரர் தேநீர்க் கோப்பையோடு எதிரே வந்தார். சூரியக்காரர் இந்த நொடிக்காகவே இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"இவர்தான் நம்ம திட்டத்துக்கு வர்ற பெரியவர்," என்றார்.

காற்றுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பேயறைந்த மாதிரி ஆனார். கோப்பை சாய்ந்து தேநீர் முழுவதும் சட்டையில் இறங்கியது. சூடு பட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"வ... வணக்கம்," என்றார்.

"ம்," என்றான் மச்சினன்.

எரியட்டும், நன்றாக எரியட்டும் என்று சூரியக்காரர் உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். ஒரு வருஷமாகத் தன் வயிற்றில் இருந்தது இடம் மாறிவிட்டதைக் கண்ணால் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

கூட்ட அறையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். மச்சினன் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன், கடைப் பழக்கத்தில், நாற்காலி மெத்தையைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தான். முகம் சுளித்தான். தன்னையறியாமல் முணுமுணுத்தான்:

"மேல பாக்க நல்லா இருக்கு. உள்ள ஒண்ணுமில்ல. ஒரு மழைக்காலம் தாங்காது."

இயக்குநர் அம்மாள் திட்ட மதிப்பீட்டை அவசரமாகப் புரட்டினார்.

"மழைக்காலம்! அந்தத் தீவுல நாலு மாசம் மழையாச்சே! வெயில் இல்லாதப்போ எரிய பேட்டரி எங்க சார் இதுல?"

பேட்டரியை எடுத்துவிட்டதே சூரியக்காரர்தான். காற்றாலையைவிடத் தன் திட்டம் மலிவு என்று காட்டுவதற்காக.

"அது... அடுத்த கட்டத்துல..."

"அவர் ஃபைலைத் தொடக்கூட இல்ல, கண்டுபிடிச்சுட்டார்," என்றார் குளிர்பெட்டி அம்மாள் பக்தியோடு.

"அந்தக் குரலைக் கேட்டீங்களா?" என்று இயக்குநர் அம்மாள் டயர் முதலாளியிடம் கிசுகிசுத்தார். "காத்துக்காரரோட பெரியவருக்கும் இதே தொண்டைதான். பெரிய பணம் சேர்ந்துட்டா எல்லாருக்கும் ஒரே மாதிரி கனத்துடும் போல."

பேட்டரி சேர்ந்தது. மதிப்பீடு ஒன்றரை மடங்காயிற்று.

"தனியார் பணத்துல பாதியை நீங்களே எடுத்துக்கறதா வெச்சுக்கலாமா?" என்று இயக்குநர் அம்மாள் கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லச் சொல்லி மேஜைக்கடியில் மச்சினன் காலைச் சூரியக்காரர் மிதித்தார்.

"ம்ம்!" என்றான் மச்சினன்.

"பாதி," என்று குறித்துக்கொண்டார் இயக்குநர் அம்மாள்.

"ஒருவேளை நஷ்டம் வந்தா?" டயர் முதலாளி நாற்காலி நுனிக்கு வந்தார். "முதல்ல யார் தாங்கிக்கிறது?"

இந்தத் தடவை சூரியக்காரர் முழு எடையையும் போட்டு மிதித்தார்.

மச்சினனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சொல்லிக்கொடுத்த வார்த்தைகளில் மிச்சம் இருந்ததை எடுத்து விட்டான். "செய்யலாம்!"

"கண் கலங்கறார் பாருங்க," என்றார் குளிர்பெட்டி அம்மாள். "அந்த ஏழை ஜனங்களை நெனைச்சு."

அன்று பிற்பகலே டயர் கால் பங்குக்கும் குளிர்பெட்டி கால் பங்குக்கும் சம்மதக் கடிதம் கொடுத்தார்கள். மிச்சம் இருந்தது பாதிதான். அந்தப் பாதியைக் கொடுக்க வேண்டியவன் அன்று மாலை பேருந்துக்குச் சில்லறை இல்லை என்று அத்தானிடம் கையை நீட்டினான்.

*

அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது.

இயக்குநர் அம்மாளுக்குப் பெரியவர் பைத்தியம் பிடித்துவிட்டது. "நீங்க ஒன்பது வருஷமா இந்த சீட்ல இருக்கீங்க. உள்ள ஒண்ணுமில்லன்னு உங்களுக்குத் தெரியல. அவர் ஒன்பது நிமிஷத்துல சொல்லிட்டாரே!" என்பார். எந்தக் கடிதத்தை வைத்தாலும் "பெரியவர் பார்த்தாரா?" என்று ஓரத்தில் பச்சை மையில் எழுதினார். பார்த்தார் என்று கையெழுத்துப் போடுவதானால் காட்டியாக வேண்டும். அந்த விஷயத்தில் சூரியக்காரர் நேர்மையானவர். ஆகவே மாலையில் ஃபைலை எடுத்துக்கொண்டு சோபாவருகே போய் நின்றார்.

மச்சினன் காலை நீட்டியபடியே ஒரு தாளைப் புரட்டுவான். "ம்," என்பான்.

"எழுந்து உட்காந்து படிடா!"

"அத்தான், நீங்க மிதிச்ச கால் இன்னும் வலிக்குது."

"பாவம், அவனே கடையிலேர்ந்து களைச்சுப்போய் வர்றான்," என்பாள் மனைவி. அவன் தட்டில் இரண்டாவது கரண்டி விழும். இவர் தட்டில் முதல் கரண்டியே மெதுவாகத்தான் வரும்.

காற்றுக்காரர் அறையிலிருந்த மெத்தை நாற்காலியைப் பெரியவர் வரும்போது உட்காருவதற்காகக் கூட்ட அறைக்கு மாற்றச் சொன்னார் இயக்குநர் அம்மாள். ஒரு வருஷமாக எந்த நாற்காலியைப் பார்த்து ஏங்கினாரோ, அது காற்றுக்காரரிடமிருந்து பறிபோனதைக் கண்டு சூரியக்காரர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அதில் தன் மச்சினன் உட்காரப் போகிறான் என்றதும் அந்தச் சந்தோஷம் பாதியிலேயே புளித்துவிட்டது. காற்றுக்காரரிடம் தோற்பதில் ஒரு கௌரவம் இருந்தது. இவனிடம் தோற்பதில் அதுவும் இல்லை.

முப்பதுக்கு ஐந்து நாள் இருந்தது. பாதிப் பணம் வரப்போவதில்லை. பெரியவரைக் கௌரவமாகக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்தார்.

"மேடம், பெரியவருக்கு உடம்பு சரியில்ல. விலகிக்கலாம்னு பாக்கறார்."

"ஐயையோ! எந்த ஆஸ்பத்திரி?"

"வீட்லயேதான்..."

"எந்த வீடு? நான் பழம் வாங்கிக்கிட்டுப் போறேன்."

"தொத்து வியாதி, மேடம்."

தொற்று வியாதிதான். ஒரு மணி நேரத்தில் அது டயர் கம்பெனிக்குப் பரவியது. "அவருக்கே முடியலேன்னா திட்டத்துலயே ஏதோ முடியலேன்னு அர்த்தம் சார். என் கடிதத்தைத் திருப்பிக் குடுங்க," என்றார் டயர் முதலாளி. குளிர்பெட்டி அம்மாள் கடிதத்தைத் திருப்பிக் கேட்க ஆளையே அனுப்பிவிட்டார். வீட்டில் மனைவி தட்டை நங்கென்று வைத்தாள். "எந்தம்பிக்குத் தொத்து வியாதின்னு ஊர் முழுக்கச் சொல்லியிருக்கீங்களாமே? அவனுக்கு நாளைக்குப் பொண்ணு பாக்க வேணாமா?"

மறுநாள் காற்றுக்காரரின் குறிப்பு ஒன்று இயக்குநர் மேஜைக்குப் போயிற்று. சூரியப் பிரிவு பணம் திரட்ட இயலாத நிலையில், அரசாங்கப் பங்கைக் காற்றுப் பிரிவுக்கு மாற்றிக் கொடுத்து உதவுமாறு பணிவோடு கேட்டிருந்தார்.

அதே தபாலில் தீவிலிருந்து கடிதம் வந்தது. இந்தத் தடவை நாலே வரி. குளிர்பெட்டி இரண்டு நாள் நின்றுவிட்டது. முந்நூறு குழந்தைகளுக்கு வைத்திருந்த தடுப்பு மருந்தைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டோம். பணம் எவ்வளவு என்றெல்லாம் எழுத வேண்டாம். எந்த மாதம் என்று மட்டும் எழுதினால் போதும், தாய்மார்களிடம் சொல்லிவிடுவேன்.

சூரியக்காரர் அதை இரண்டு முறை படித்தார். காற்றுக்காரரின் குறிப்பு பக்கத்திலேயே கிடந்தது. அதை அவர் ஒரு முறைதான் படித்தார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக மனவலி வயிற்றெரிச்சலை முந்தியது.

ஆனால் யோசனை வந்தது என்னவோ வயிற்றிலிருந்துதான்.

பொறாமையைப் பற்றி அந்தக் கட்டடத்தில் அவரைவிட அதிகம் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. எது எரியும், எது எரியாது என்று அவருக்கு அத்துப்படி. காற்றுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்றால் நமக்கு எரியுமா? எரியாது. காற்றுக்காரர் விலகிவிட்டார் என்றால்? அதுவும் எரியாது. காற்றுக்காரரே எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போகிறார் என்றால்?

தொலைபேசியை எடுத்தார்.

"டயர் சார், உங்க கடிதத்தை வாங்கிட்டுப் போயிடுங்க. நல்லதாப் போச்சு. பெரியவருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையாம்."

"பின்ன?"

"அவர் மொத்தத் திட்டத்தையும் தனியா எடுத்துக்கறாராம். சின்னச் சின்னப் பங்குதாரர்லாம் எதுக்குங்கறார்."

"யாரு சின்னது?"

"நான் சொல்லல சார். அவர் சொன்னது. இருபத்தொம்போது ஆஸ்பத்திரி வாசல்லயும் அவர் பேர் மட்டும் இருக்குமாம்."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. டயரில் காற்று அடிக்கிற மாதிரி ஏறி ஏறி வந்தது.

குளிர்பெட்டி அம்மாளுக்கும் அதையே சொன்னார். மருந்து வைக்கிற குளிர்பெட்டியைக்கூடப் பெரியவர் வேறு கம்பெனியில் வாங்கப்போவதாக ஒரு வரி மட்டும் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார்.

மாலை நாலு மணிக்கு இருவரும் இயக்குநர் அறையில் ஒரே நேரத்தில் நுழைந்து கதவில் முட்டிக்கொண்டார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு விளக்குப் போடற புண்ணியத்தை அவர் ஒருத்தரே கொண்டுபோறதா?" என்றார் டயர் முதலாளி. "அவர் பாதியையும் நானே போடறேன்!"

"நீங்க எதுக்கு? நான் போடறேன்," என்றார் குளிர்பெட்டி அம்மாள்.

"நஷ்டம் வந்தா முதல்ல நான் தாங்கிக்கறேன்!"

"நான் ஒருத்தி இருக்கும்போது நீங்க எதுக்கு நஷ்டப்படணும்? முதல் நஷ்டம் எனக்கு!"

"மேடம், அந்தம்மா சொல்றதை எழுதாதீங்க. நான்தான் முதல்ல சொன்னேன்!"

அறை மூலையில் சூரியக்காரர் கைகட்டி நின்றார். இயக்குநர் அம்மாள் ஆளுக்குப் பாதி என்று தீர்ப்புச் சொன்னார். இருபத்தொன்பதாம் தேதி காலையில் பணம் வந்தது. மாலையில் அரசாங்கப் பங்கு அதோடு சேர்ந்தது. அன்றே சூரியக்காரர் தீவுக்கு ஒரே வரியில் பதில் எழுதினார். மாதத்தின் பெயரை மட்டும் எழுதி, அடியில் கோடு போட்டார். எழுதி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறையில் ஜன்னல் இல்லாததால் யாரும் பார்க்கவில்லை.

*

ஒப்பந்தக் கையெழுத்து விழாவில் பூங்கொத்துகள் இருந்தன, புகைப்படக்காரர்கள் இருந்தார்கள். தன் பெயர் எப்போது வரும் என்று சூரியக்காரர் முதல் வரிசையில் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

"இந்த வெற்றிக்குக் காரணம் ஒரே ஒருத்தர்," என்று இயக்குநர் அம்மாள் ஆரம்பித்தார். சூரியக்காரர் பாதி எழுந்தார். "முழுத் திட்டத்தையும் தானே தாங்க முன்வந்து, மத்தவங்க ஆசைப்படறாங்கன்னு தெரிஞ்சதும் மொத்தத்தையும் விட்டுக்கொடுத்த நம்ம பெரியவர்!"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பாதி எழுந்திருந்த சூரியக்காரரும் மீதியை எழுந்து தட்ட வேண்டியதாயிற்று. கோட் போட்ட மச்சினன் மேடையில் மெத்தை நாற்காலியிலிருந்து கை உயர்த்தினான்.

"தீவுல முதல் விளக்கை அவர் கையாலதான் போடணும்," என்றார் இயக்குநர் அம்மாள். "கூட ஃபைல் எடுத்துக்கிட்டு நம்ம சூரியக்காரர் போவார்."

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். விழா முடிந்து வாசலுக்கு வந்தபோது பார்த்த காட்சியைத்தான் பொறுக்க முடியவில்லை. காற்றுக்காரர் தன் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். மச்சினன் ஏறி உட்கார்ந்தான். இருவரும் காதோடு காதாக ஏதோ பேசிச் சிரித்தார்கள். கார் சூரியக்காரர் காலருகே தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போயிற்று.

நனைந்த காலோடு வீட்டுக்கு வந்தார். சோபா காலியாக இருந்தது. இரண்டு வருஷமாக அது காலியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டவருக்கு, இப்போது அதைப் பார்க்கவே ஆத்திரமாக வந்தது.

"பாத்தியா உன் தம்பி பண்ண வேலையை?" என்று கத்தினார்.

மனைவி அடுக்களையிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்தாள். "என்ன பண்ணான்?"

"நான் பாத்து உண்டாக்கின பெரியவரை அந்தக் காத்துக்காரன் கொத்திக்கிட்டுப் போயிட்டான்! என் கண்ணு முன்னாலயே! கதவைத் திறந்துவிடறான், குனியறான், குழையறான். ரெண்டாவது திட்டத்துக்கு இவனை இழுக்கப் பாக்கறான்."

"சரி, அதுக்கு நீங்க எதுக்கு இப்படிக் குதிக்கறீங்க?"

"குதிக்காம? அவனுக்குன்னு ஒரு பெரியவர் ஃபோன்ல இருக்கார் இல்ல? அவரோட நிறுத்திக்க வேண்டியதுதானே? என்னோட ஆளும் வேணுமா அவனுக்கு?" மூச்சு வாங்கினார். திடீரென்று ஒரு நினைப்பு வந்து முகம் மலர்ந்தது. "போகட்டும். நல்லா ஏமாறட்டும்! இவன்கிட்ட பஸ்ஸுக்கே சில்லறை கிடையாதுன்னு தெரியாம நெஜமான பணக்காரன்னு நம்பிக்கிட்டிருக்கான்!"

"அவர் ஒண்ணும் ஏமாற மாட்டாருங்க," என்றாள் மனைவி.

"உனக்கெப்படித் தெரியும்?"

அவள் அவருக்கு உலர்ந்த துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிறகு, காய்ச்சல்காரனிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்:

"போன வருஷம் சோபா வாங்கக் கடைக்குப் போன காத்துக்காரர் பேச்சுக் குடுத்து, ஃபோன்ல பெரியவரா பேச வெச்சதே என் தம்பியைத்தாங்க. நீங்க வயிறெரிஞ்சு செத்துருவீங்கன்னு நான்தான் உங்ககிட்ட மூச்சு விடாதேடான்னு சொல்லி வெச்சிருந்தேன்."